பெட்டியின் மேல் ஓர் உகரம்

மகளுக்கு,

நீ கேட்ட வாசகம் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அவசரமானால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் சில வரிகளை எழுதுவதற்குச் சட்டம் படித்த ஒருவனுக்கு ஏன் பதினொரு நாட்கள் தேவைப்பட்டன என்பதை அறிய உனக்கு உரித்து உண்டு. சனிக்கிழமை காலை நீ ஒஸ்லோவை விட்டு வடக்கே அல்தாவுக்குப் போகிறாய். திரும்பி வரும் திகதி போடாத பயணச்சீட்டு. இதை நேரில் சொல்ல மூன்று தடவை உன் அறை வாசல் வரை வந்தேன். மூன்றாவது தடவை நீ கம்பளிக் காலுறைகளைச் சுருட்டிச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டிருந்தாய். "என்னப்பா?" என்றாய். "கார்ச் சாவி கண்டனியோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். சாவி என் கையில்தான் இருந்தது. எனக்கு எழுத்தில்தான் வாய் திறக்கும். அந்தப் பழக்கத்தால் விளைந்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். உன் சம்மதமில்லாமல் இதை யாருக்கும் காட்டமாட்டேன். நீ சம்மதித்தால், இந்த நகரத்தில் பிள்ளை வளர்த்த மற்றத் தகப்பன்மாரும் வாசிக்கட்டும் என்பது என் விருப்பம். அவர்களில் பலர் என்னைப்போல, காரணத்தைச் சொல்லாமல் பயத்தை மட்டும் காட்டிக்கொண்டிருப்பவர்கள்.

முதலில் நீ செய்யும் வேலையை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து. காலநிலை ஆய்வாளர்கள் பறக்கவிடும் இறப்பர் பலூன் ஒன்றில் ஹீலியம் நிரப்புகிறாய். அதன் கீழே ஒரு பரசூட். பரசூட்டின் கீழே கமரா, வெப்பமானி, தான் இருக்கும் இடத்தை அறிவிக்கும் சிறு கருவி ஆகியவை அடங்கிய ஒரு பெட்டி. பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரத்துக்கு அது ஏறுகிறது. ஏற ஏறக் காற்று மெலிவதால் பலூன் வீங்கி, ஒரு வீட்டளவு பெருத்து, வெடிக்கிறது. பெட்டி விழுகிறது. நீ போய் எடுக்கிறாய். பூமியைச் சுற்றும் செய்மதி ஒன்றை அனுப்ப ஓர் அரசாங்கம் வேண்டும், இதற்கு நாலு நண்பர்கள் போதும் என்பாய். வடக்கில் பனியின் மேல் மழை பெய்து உறைந்துவிட்டால், அந்த ஐஸ் படையை உடைத்துக் கீழே உள்ள பாசியைத் துருவமான்களால் தின்ன முடியாது என்பதையும், எந்த வெளி உறைந்திருக்கிறது, எந்த வெளி தப்பியிருக்கிறது என்று அன்றே தெரிந்தால் மந்தையை மாற்றி ஓட்டலாம் என்பதையும் நீ சொல்லித்தான் அறிந்தேன். செய்மதி தன் நேரத்துக்கு வரும். அந்த நேரத்தில் முகில் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. உன் பலூனோ முகில் விலகிய மணித்தியாலத்திலேயே கிளம்பும். மந்தை வளர்ப்பவர்கள் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இது பயனுள்ள வேலை. இதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

உன் முதற் பெட்டி மீன் வந்த பெட்டி. நகர நடுவே, குறொன்லாண்டில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்காரர் என்னை ஒருநாள் மெல்ல ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட மகள் வந்து ரெஜிபோம் பெட்டி கேட்டவா. மீன் வேண்டாமாம், பெட்டி மட்டும் காணுமாம். வீட்டில எல்லாரும் சுகம்தானே?" என்றார். சுகம் என்றேன். "இல்லை, என்னத்துக்கு எண்டு கேட்டன். வானத்துக்கு அனுப்பவாம் எண்டவா. அதுதான் உங்களிட்டைக் கேப்பம் எண்டு," என்றார். ஐஸ் போட்டு மீன் அடைத்து வரும் அந்த வெள்ளைப் பெட்டிக்கு நீ செம்மஞ்சள் நிறம் பூசினாய். எத்தனை தடவை கழுவியும் மணம் போகவில்லை. எங்கள் குளியலறையில் இரண்டு வாரம் பாரை மீன் மணந்தது. உன் அம்மா, "விண்வெளிக்குப் போறது சரி, குளிக்கிற தொட்டிக்குள்ளால போகாமல் வேறை வழி இல்லையோ?" என்று கேட்டாள்.

முதற் பறப்பு இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாதம். ஒஸ்லோவுக்கு மேற்கே ஒரு வயலில் நீயும் உன் தோழி மாரித்தும் பலூனுக்கு வாயு ஏற்றினீர்கள். நான் கார் ஓட்ட வந்தவன். உன் அம்மாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை. பெட்டியின் பக்கத்தில் நீ கறுப்பு மையால் பெரிய எழுத்தில் ஒரு நோர்வேஜியச் சொல் எழுதியிருந்தாய்: உஃபார்லி. ஆபத்தற்றது; முன்னால் உள்ள உகரத்தை எடுத்துவிட்டால் ஃபார்லி, ஆபத்தானது. அதன் கீழே உன் தொலைபேசி எண். சொல்லைக் கண்டதும் உனக்கு உன் பத்து வயதுப் பகிடி ஞாபகம் வந்தது. "அப்பா, ஃபார் எண்டால் அப்பா. ஃபார்லி எண்டால் அப்பாத்தனமானது, அதுதான் எல்லாத்துக்கும் பயம். உஃபார்லி எண்டால் அப்பா இல்லாதது. அப்ப ஒரு பயமும் இல்லை," என்று மாரித்துக்கு நோர்வேஜியனிலும் எனக்குத் தமிழிலும் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல்லிலிருந்து என் கண்ணை எடுக்க முடியவில்லை. பலூன் ஏறி ஒரு பால்பல்லளவு ஆகி மறைந்த பிறகும், அந்தச் சொல் தலைக்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு என்னை விடவில்லை.

கிழக்கே ஓட்டினோம். நீ மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, "வலது பக்கம் அப்பா, இப்ப நேர," என்று சொல்லிக்கொண்டு வந்தாய். எப்படித் தெரியும் என்று கேட்டேன். செய்மதி சொல்கிறது என்றாய். "செய்மதி வேண்டாம் எண்டுதானே பெட்டியை விட்டனி? பிறகு பெட்டி எங்கை எண்டு செய்மதியிட்டையே கேக்கிறாய்," என்றேன். மாரித்துக்கு நீ மொழிபெயர்த்தபோது அவள் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. அன்று அதுவரை நான் சந்தோசமாக இருந்தேன் என்று நினைக்கிறேன். சுவீடன் எல்லைப் பக்கக் காட்டில் காரை நிறுத்தி, முழங்கால் புதையும் பனியில் நடந்தோம். மாரித் வேறு பக்கமாகப் போனாள். நீ எனக்கு முன்னால் போனாய். முதலில் எனக்குக் கேட்டது சத்தம்: கீச், கீச் என்று ஒரே இடைவெளியில். பிறகு ஊசியிலை மரமொன்றின் அடியில் பனிக்குள் பாதி புதைந்து, கிளையில் துணி தொங்க, அந்தப் பெட்டி. நீ கையை நீட்டிக்கொண்டு ஓடினாய்.

நான் "தொடாதை!" என்று கத்தியது எனக்கே பிறகு வீடியோவில் கேட்டபோதுதான் தெரியும். உன் மேலங்கியின் தொப்பியைப் பிடித்து இழுத்து உன்னை விழுத்தி, உன் முதுகின் மேல் கையைப் போட்டு அமத்திக்கொண்டு, மற்றக் கையால் தலையை மூடி, முகங்குப்புறப் பனியில் கிடந்தேன். கொஞ்ச நேரம். பெட்டி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. "அப்பா, வழுக்கினதோ? நோகுதோ?" என்று கேட்டாய். ஓம், வழுக்கிப்போட்டுது என்றேன்.

அந்தப் பொய்யோடு அது முடிந்திருக்கும். ஆனால் பெட்டிக்குள் இருந்த கமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உன் பிறந்தநாளுக்கு, ரொம்மனில் உள்ள எங்கள் வீட்டில் எல்லோரையும் இருத்தி அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாய். கறுத்த வானம், அதன் கீழே வளைந்து மினுங்கும் பூமியின் விளிம்பு. பகலில் வானம் கறுப்பாக இருக்கும் என்பதை வந்தவர்கள் அன்றுதான் கண்டார்கள். பிறகு வெடிப்பு, சுழற்சி, முகில், காடு, பனி. கடைசியில், சரிந்து கிடக்கும் பெட்டியின் கண்ணுக்கு முன்னால், வாயை அகலத் திறந்தபடி பனியில் கிடக்கும் நான். யாரோ ஒருவர், "அண்ணை விண்வெளி ஐஸ்கிறீம் சாப்பிடுறார்," என்றார். வீடே சிரித்தது. நீ கண்ணில் நீர் வரச் சிரித்து, என் தோளில் சாய்ந்து, அந்தத் துண்டை இரண்டாம் தடவையும் போட்டாய். நானும் சிரித்தேன். உன் அம்மா மட்டும் தேநீர் வைக்கப் போவதாக எழுந்து போனாள். மேசையில் எல்லோருக்கும் முன்னால் தேநீர் இருந்தது. வாயைத் திறந்துகொண்டு கிடந்தது ஏன் என்று அவளுக்குத் தெரியும். குண்டு விழும்போது வாய் மூடியிருந்தால் காது வெடிக்கும் என்று நாங்கள் பழகியிருந்தோம். அது என் உடம்பு தானாகச் செய்தது.

இனி எழுதுவது நீ அறியாதது. எனக்கு வதனி என்றொரு தங்கை இருந்தாள், படத்தைக் கண்டிருக்கிறாய். சண்டையில் செத்தவள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது உண்மை, ஆனால் முழுமையற்ற உண்மை. என் அலுவலகத்துக்கு வரும் பிறருடைய விண்ணப்பங்களில் இப்படிப்பட்டதைக் கண்டால் நான் மேலதிக விளக்கம் கேட்பவன். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்தில் சட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு, ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதி எழுதும் எழுத்தராக இருந்தேன். எங்கள் ஒழுங்கையில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு பகல் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து தாள்களைக் கொட்டிவிட்டுப் போனது. தமிழில் அச்சடித்த தாள். சண்டை நடக்கப்போவதால் சனங்கள் வீடுகளை விட்டுச் சில பொதுக் கட்டடங்களுக்குப் போய் இருக்கவேண்டும் என்றும், அவை இன்ன இன்ன என்றும் அதில் இருந்தது. எங்களுக்கு அருகிலிருந்த பாடசாலையின் பெயரும் இருந்தது. அந்தப் பட்டியலுக்குத் தலைப்பு, "ஆபத்துற்ற இடங்கள்."

இந்த இடத்தை மெதுவாக வாசி. ஆபத்து அற்ற இடம் என்றால் ஆபத்தற்ற இடம்: ஆபத்து இல்லாதது. ஆபத்து உற்ற இடம் என்றால் ஆபத்துற்ற இடம்: ஆபத்தில் அகப்பட்டது. தகரமா, துகரமா என்பதுதான் வித்தியாசம், ஓர் உகரம். ஒழுங்கைச் சனம் எங்கள் படலைக்கு முன்னால் கூடி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டது. நான் வாசித்தேன். உகரம் எழுத்துப் பிழை என்று சொன்னேன். ஓர் ஆவணத்தில் தெளிவான பிழை இருந்தால், முழு ஆவணத்தின் கருத்தை ஒட்டி அதைத் திருத்தி வாசிக்கவேண்டும் என்பது நான் அப்போதுதான் படித்த பாடம். சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, துகரத்தைத் தகரமாகத் திருத்தி, உரத்து வாசித்தேன்: ஆபத்தற்ற இடங்கள். வதனி பக்கத்தில் நின்றாள். "அண்ணா, மேலை இருந்து போடுறவன் சொல்லுறதை நம்பலாமோ?" என்று கேட்டாள். நான் சொன்ன பதிலை இன்றுவரை உன் அம்மா ஒருத்திக்குத்தான் சொல்லியிருக்கிறேன். "எழுத்தில தந்திருக்கினம்," என்றேன்.

பாடசாலைக்குப் போனோம். இரண்டாம் நாள் காலை நான் தண்ணீர் அள்ள வெளியே போயிருந்த நேரம் அது நடந்தது. பாடசாலையின் மேல் குண்டு எறிந்தது யார், வேண்டுமென்று எறிந்தார்களா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது; ஆகவே எழுதவில்லை. எத்தனை பேர் என்பதையும் எழுதவில்லை. அவர்களில் பலர் என் வாசிப்பைக் கேட்டு வந்தவர்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு நானே சாட்சி. வதனிக்குப் பத்தொன்பது வயது. அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. அதை அச்சடித்தவன் செய்தது எழுத்துப் பிழைதான். ஆனால் அந்தத் தாளில் உண்மையாக இருந்த ஒரே சொல்லைத்தான் நான் பேனையால் திருத்தினேன்.

பிறகு நோர்வேக்கு வந்தேன். முதல் இரண்டு வருடம் வடக்கில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து மொழி படித்து, மீண்டும் முதலிலிருந்து சட்டம் படித்து, நகராட்சியில் விண்ணப்பங்களைத் தீர்மானிக்கும் அலுவலராக ஆனேன். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை வாசிப்பவன் என்று அலுவலகத்தில் என்னைப் பகிடி பண்ணுவார்கள். நீ சின்னவளாக இருந்தபோது பாடசாலைச் சுற்றுலாவுக்கான சம்மதக் கடிதத்தில் கையொப்பமிடாமல், "பனியில் சறுக்கும் இடத்தில் மேற்பார்வை யாருடையது என்பது தெளிவாக இல்லை" என்று ஆசிரியைக்குத் திருப்பி எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும். மற்றப் பிள்ளைகள் போனார்கள், நீ வீட்டிலிருந்தாய். அதை நீ மன்னித்துவிட்டாய் என்று நம்புகிறேன். அடுத்ததைப் பற்றி அப்படி நம்ப எனக்கு உரிமையில்லை.

உங்கள் இரண்டாம் பறப்புக்குப் பெட்டி பாரமானது என்பதால் வான்போக்குவரத்துக்குப் பொறுப்பான அலுவலகத்தின் அனுமதி வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் தொடர்புக்குரியவராக நீ என் மின்னஞ்சலைப் போட்டாய். "அப்பாதானே ஜூரிஸ்ட். அவர் பாத்தால் ஒரு பிழையும் வராது," என்று மாரித்துக்குச் சொன்னாய். அவர்கள் மிக ஒழுங்காக, மிக மரியாதையாக, இரண்டு விபரங்கள் கேட்டு எனக்கு எழுதினார்கள்: பரசூட் விழும் வேகம் என்ன, காப்புறுதிச் சான்று எங்கே. மூன்று வாரம் தவணை தந்திருந்தார்கள். இரண்டு தாள்களும் என் கணினியில் இருந்தன. பத்து நிமிட வேலை. மதிய உணவு நேரத்தில் அதைத் திறந்து வாசித்தேன். பெட்டி விழுகிறது என்ற வசனத்தை நானே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும் என்று விளங்கியது. மூடிவிட்டேன். மறந்துபோனேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய். ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் எண்ணினேன். இருபத்திரண்டாம் நாள் காலை, தவணை முடிந்துவிட்டது என்று உறுதியான பிறகு, விபரங்களை அனுப்பினேன். விண்ணப்பம் காலம் கடந்தது என்று பதில் வந்தது. அவர்கள் செய்தது முற்றிலும் சரி. அந்தப் பதிலை அவர்களுடைய இடத்தில் இருந்தால் நானும் எழுதியிருப்பேன். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன்.

புதிதாக விண்ணப்பித்து அனுமதி வருவதற்குள் அந்தக் குளிர்காலம் போய்விட்டது. மாரித் காத்திருக்க முடியாமல் பேர்கனில் வேலை எடுத்துக்கொண்டு போனாள். நீ என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில், "ஃப்ரிஸ்ட் போனால் போகட்டும் அப்பா. உங்களுக்கு வேலை கூட. நான்தான் எல்லாப் பாரத்தையும் உங்கட தலையில போட்டனான்," என்றாய். தவணைக்கு நீங்கள் எல்லோரும் ஃப்ரிஸ்ட் என்றுதான் சொல்வீர்கள். அடுத்த நாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினாய். உன் வேலைகளுக்கான தவணை நாட்கள் எல்லாம் உன் கையெழுத்தில், அப்பாவுக்கு இனி ஞாபகப்படுத்தும் சிரமம் வேண்டாம் என்பதற்காக. அந்தத் தாள் இன்றும் அங்கேதான் இருக்கிறது. பால் எடுக்கக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு காலையும் அதை வாசிக்கிறேன். வேண்டுமென்று நான் விட்ட தவணைக்கு நீ மன்னிப்புக் கேட்டாய். அதை நான் ஏற்றுக்கொண்டேன். இதுவே நான் உனக்குச் செய்த பிழை. பயந்தவன் என்பது விளக்கம் மட்டுமே. அதை நியாயமாக எடுத்துக்கொள்ளாதே.

இப்போது நீ வடக்கே போகிறாய், எனக்குப் பயம் கூடியிருக்கிறது. குறையும் என்று சொல்லி உன்னை ஏமாற்றமாட்டேன். அந்தக் குளிர் எனக்குத் தெரியும். கையுறையைக் கழற்றி ஒரு முடிச்சு அவிழ்க்கும் நேரத்தில் விரல் மரத்துவிடும். விழுந்த பெட்டியைத் தேடி உறைந்த ஏரியின் மேல் பனி ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போவாய். ஏரி எங்கே தடிப்பு, எங்கே மெல்லிது என்று மந்தைக்காரருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அல்தாவிலிருந்து கிழக்கே போனால் பின்லாந்து, அதற்கு அப்பால் ரஷ்யா. இந்தக் காலத்தில் வானத்தில் பெயர் தெரியாத ஒரு புள்ளி தெரிந்தாலே விமான நிலையங்களை மூடுகிறார்கள். ஒரு மீன் பெட்டி எல்லையைத் தாண்டி விழுந்தால் அதை மீன் பெட்டி என்று யாருக்கு நிரூபிப்பாய்? அதன் மேல் இருக்கப்போவது ஒரு தமிழ்ப் பெயர். "காத்தைக் கணிச்சுப் பாத்திட்டுத்தான் விடுவம் அப்பா. சரியில்லாட்டி விடமாட்டம்," என்கிறாய். நம்புகிறேன். நம்பிக்கொண்டே பயப்படுகிறேன். ஆகவே உனக்கு நான் சொல்லும் புத்தி ஒன்றுதான், அதையும் வேண்டுகோளாக வைத்துக்கொள்: கணிப்பு நன்றாக இருந்து, எல்லோரும் விடலாம் என்று சொல்லி, உன் மனம் மட்டும் வேண்டாம் என்றால், அன்று விடாதே. காரணம் எழுத்தில் இருக்கவேண்டியதில்லை. வதனிக்கும் காரணம் எழுத்தில் இருக்கவில்லை. ஆனால் அவள்தான் சரி.

பதினொரு நாட்களுக்கு முன் நீ புதிய பெட்டியை என் கண் முன்னால் அடுக்கி மூடி, சாப்பாட்டு மேசையில் வைத்து, மேலே ஒட்டுவதற்கு வாசகம் எழுதித் தரச் சொன்னாய். நோர்வேஜியனில் எழுதினால் போதும், வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களின் மொழிக்கும் பின்னிஷுக்கும் ரஷ்ய மொழிக்கும் மாற்ற ஆட்கள் இருக்கிறார்கள் என்றாய். பிறகு கதவடியில் திரும்பி நின்று, "தமிழிலையும் போடுங்கோ அப்பா. வடக்கில மீன் பக்ரறியில நிண்ட எங்கட ஆக்கள் இன்னும் கொஞ்சப்பேர் அங்கை இருக்கினம். ஆராவது கண்டெடுத்தால் சந்தோசப்படுவினம்," என்றாய். பகிடிக்குத்தான் சொன்னாய். ஆனால் அன்றிலிருந்து அந்த மனிதர் என் கண்ணுக்குள் நிற்கிறார். என் வயது. மீன் வெட்டி வெட்டி வளைந்த விரல். ஞாயிற்றுக்கிழமை தனியே நடக்கப் போகிறார். பனிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ கிடக்கிறது. கீச்சிடுகிறது. மேலே பார்க்கிறார், துணி தொங்குகிறது, வானத்திலிருந்து விழுந்தது என்று விளங்குகிறது. அவருக்கு நான் தமிழில் என்ன எழுத? ஆபத்தற்றது என்று எழுதவா? மேலே இருந்து போட்டவர்கள் அவருக்கும் முன்பு ஒருதடவை அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

நோர்வேஜியனில் உகரம் கூடினால் ஆபத்து இல்லாமல் போகிறது. எங்கள் மொழியில் உகரம் கூடினால் ஆபத்து வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் பேனையோடு பதினொரு நாள் இருந்தேன். நேற்று உன் அம்மா வேலையால் வந்து, வெறும் தாளைப் பார்த்துவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எனக்கு முன்னால் இருந்தாள். "இன்னும் எழுதேல்லையோ?" என்றாள். எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியவில்லை என்றேன். "நீங்கள் எழுதாட்டி அவள் தானே எழுதுவாள். பழைய சொல்லைத்தான் எழுதுவாள். அவளுக்கு என்ன தெரியும், நீங்கள் சொன்னால்தானே," என்றாள். பிறகு, "எங்கட இல்லத்தில ஒரு மனிசி இருக்கிறா. ஊசி போடேக்கை நோகாது எண்டு சொன்னால் கையைத் தரமாட்டா. நோகும், நான் பக்கத்தில நிக்கிறன் எண்டு சொன்னால் தருவா," என்றாள். எழும்பிப் போய் அரிசி கழுவத் தொடங்கினாள். அதற்குப் பிறகு வாசகம் எழுத எனக்கு அரை மணித்தியாலம்தான் எடுத்தது.

ஆகவே உன் பெட்டியில் உஃபார்லி என்ற சொல் இல்லை. அந்த உறுதியை யாருக்கும் கொடுக்க என்னால் முடியாது, உன்னாலும் முடியாது. எனக்கு நேரே தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். உன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டிருக்கிறேன்; நீ ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருப்பாய், உனக்குக் கேட்காது. இந்தக் கடிதத்தை வாசித்த பிறகு என் எண் உன் பெட்டியில் இருக்கவேண்டாம் என்று நீ நினைத்தால் அழித்துவிடு, காரணம் கேட்கமாட்டேன். வைத்திருந்தால், ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் எனக்கு ஒரு சொல் அனுப்பு. பயப்படுவதற்கு எனக்கு நேரம் வேண்டும், அதோடு தொலைபேசிக்கு மின் ஏற்றவும் வேண்டும்.

வாசகம் இது. இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் பார்த்திருக்கிறேன்.

"இந்தப் பெட்டி ஒரு பலூனோடு மேலே போய், இங்கே விழுந்திருக்கிறது. அனுப்பியவள் என் மகள்.

உள்ளே ஒரு கமராவும் ஒரு வெப்பமானியும் இருக்கும் இடத்தை எங்களுக்கு அறிவிக்கும் ஒரு சிறு கருவியும் சில மின்கலங்களும் இருக்கின்றன. மூடும்போது நான் பார்த்தேன், வேறொன்றும் வைக்கவில்லை.

கீச்சிடும் சத்தம், நாங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்காக வைத்தது.

உங்களுக்குப் பயமாக இருந்தால் தொடவேண்டாம். எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரம் தள்ளி நின்று, கீழே உள்ள எண்ணுக்கு அழையுங்கள்.

எந்த நேரமானாலும் நான் எடுப்பேன். மகள் வந்து சேரும்வரை உங்களோடு கதைத்துக்கொண்டிருப்பேன்."